சுவர் இருந்தால்தான் சித்திரம்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை, உடல்நலம் பேணுக என்னும் அறிவுரையாகவே நாம் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். இம்மாதம் அதனை உள்ளது உள்ளபடியே எடுத்துக்கொள்வோம். சித்திரம் எழுதுகிறவனுடைய முதற்செலவு வண்ணமுமன்று, தூரிகையுமன்று. எதன்மேல் எழுதுவது என்பதுதான். அந்த முதற்செலவில் வழுக்கி விழுந்து, கையில் நல்ல கலையிருந்தும் மனமொடிந்து போகிற இளைஞர்கள் பலர். ஆதலால் இதைப்பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

நம் மதகடிப்பட்டு வட்டாரம் கரும்பும் நெல்லும் விளைகிற பூமி. இப்பொழுது பிள்ளைகள் பலவகைக் கல்விக்கும் செல்கிறார்கள். பொறியியல் படிக்கிற பிள்ளையைப் பற்றி வீட்டில் கவலை குறைவு. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் பயின்றுவிட்டு வீட்டிற்கு வந்திருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் கவலை. தாய்மார் சிலர் நம்மிடம் வந்து சொல்வதுண்டு: "சாமி, மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கான்வாஸ் வாங்கிக் கொடுத்தேன். பத்துப் படம் எழுதினான். இரண்டு விற்றது. மற்றவை கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. இவனை இனிமேல் எழுத விடலாமா, நிறுத்திவிடலாமா?" தந்தையார் அதற்குள் நிறுத்தச் சொல்லியிருப்பார். வீட்டில் இதனாலேயே பேச்சு வார்த்தை குறைந்திருக்கும்.

எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. மாற்ற வேண்டியது பரப்பை. செவ்வாய்க்கிழமைகளில் நம்மூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிவருகிற குடியானவரைப் பாருங்கள். தீவனத்திற்கு எவ்வளவு, வைக்கோலுக்கு எவ்வளவு, விற்றால் என்ன நிற்கும் என்ற கணக்கு அவருடைய நாவின் நுனியில் இருக்கும். அவருடைய மகன் ஓவியனானவுடன் அந்தக் கணக்கை அவமானமாக நினைக்கிறான். கலைக்குக் கணக்கு ஆகாது என்று எவரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். யார் சொன்னார்களோ, அவர்கள் வீட்டில் அடுப்பெரிவதற்கு வேறு வருமானம் இருந்திருக்க வேண்டும்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். விளக்குவதற்காக வைத்துக்கொள்ளும் தொகைகள்தாம் இவை. கடைக்குக் கடை மாறும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கான்வாஸ் 600 ரூபாய், வண்ணம் 200 ரூபாய், வெளிச்சட்டம் 900 ரூபாய். ஆகச் செலவு 1,700. படம் 3,000 ரூபாய்க்கு விற்கிறது. விற்றுக் கொடுக்கிற கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 2,000. செலவு போக நிற்பது 300 ரூபாய். இரண்டு வார உழைப்பிற்கு இதுதான் கூலி. மாறாக, நல்ல கைக்காகிதத் தாள் ஒன்று 120 ரூபாய் என்க. அதை இரண்டாக வெட்டினால் படமொன்றுக்கு 60, வண்ணம் 60, சுற்றிவைக்கும் அட்டை 80, ஆகச் செலவு 200. படம் 900 ரூபாய்க்கு விற்று, கடைக்காரர் 300 எடுத்துக்கொண்டாலும், செலவு போக 400 நிற்கிறது. இரண்டு நாள் வேலை.

இதில் மறைந்திருக்கிற செய்தி இன்னொன்று உண்டு, அதுவே முக்கியமானது. பத்துப் படத்தில் ஏழு விற்காமல் போயின என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்வாஸ் வழியில் 11,900 ரூபாய் கட்டிலுக்கு அடியில் முடங்கிவிடுகிறது. தாள் வழியில் முடங்குவது 1,400. முந்தையது ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைக்கும். பிந்தையதைத் தாங்கிக்கொண்டு அடுத்த பத்தையும் எழுதலாம். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் நிறைய எழுதினால்தான் கை தேறும், எது விற்கும் எது விற்காது என்பதும் தெரியும். விலையுயர்ந்த பரப்பு அவனைக் குறைவாக எழுதச் செய்கிறது. எழுதுகிற சிலவற்றையும் அஞ்சி அஞ்சி எழுதச் செய்கிறது.

"கான்வாஸ் இல்லாவிட்டால் அது ஓவியமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்குச் சிறிது வரலாறு சொல்ல வேண்டும். மேனாட்டில் நெடுங்காலம் ஓவியர்கள் எழுதியது மரப்பலகையிலும் ஈரச் சுண்ணச் சுவரிலும். கடல் நடுவே அமைந்த வெனிஸ் நகரத்தில் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் சுவர்ச் சித்திரங்கள் நிலைக்கவில்லை. பாய்மரக் கப்பல்களுக்கு வேண்டிய பாய்த்துணியோ அந்நகரத்தில் ஏராளம். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அங்குள்ள ஓவியர்கள் துணிக்கு மாறினார்கள். பலகையைவிட மலிவு, இலேசு, சுருட்டிக் கப்பலில் அனுப்பலாம். இன்று நம் பிள்ளைகள் மேன்மையின் அடையாளமாகக் கொண்டாடுகிற கான்வாஸ், அந்நாளில் ஊரில் மலிவாகக் கிடைத்த சரக்குத்தான்! 1888ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு ஆர்ல் நகரில் ஒன்றாகத் தங்கியிருந்த வான் கோவும் கோகானும் சணல் சாக்குத்துணி வாங்கி அதன்மேல் எழுதினார்கள். துலூஸ் லோத்ரெக் என்பவர் வெறும் அட்டையில் எழுதிக் குவித்தார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

வெளிநாட்டாரை விடுவோம். வங்காளத்தில் ஜாமினி ராய் என்னும் ஓவியர் இருந்தார். 1887இல் பாங்குரா மாவட்டத்துப் பெலியாத்தோர் கிராமத்தில் பிறந்து, 1972இல் மறைந்தவர். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறைப்படி பயின்று, எண்ணெய் வண்ணத்தில் பெரிய மனிதர்களின் உருவப்படங்களை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். நடுவயதை நெருங்கும்போது அதையெல்லாம் விட்டுவிட்டுத் தம் கிராமத்துப் பட ஓவியர்களின் பக்கம் திரும்பினார். கான்வாஸை ஒதுக்கினார். துணி, கோரை முதலியவற்றால் பின்னிய பாய், சுண்ணம் பூசிய மரப்பலகை ஆகியவற்றில் எழுதினார். மண், சுண்ணாம்பு, விளக்குக் கரி முதலிய உள்ளூர்ப் பொருள்களே வண்ணங்கள்; புளியங்கொட்டைப் பசையே அவற்றைப் பிடித்து நிறுத்துகிற பிசின். செலவு குறைந்ததால் விலையும் குறைந்தது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கித் தம் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். அப்படி மாட்ட வேண்டும் என்பதே அவருடைய விருப்பமும். கிறிஸ்து நாதரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளையும் அவர் அதே நாட்டுப்புறப் பாணியில் பலமுறை எழுதியிருக்கிறார் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். அவர் மறைந்தபின் 1976இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. பாயில் எழுதினார் என்பதற்காக எவரும் அவற்றைத் தள்ளிவிடவில்லை.

நம் தமிழ்நாட்டுச் செய்தி இதனினும் நெருக்கமானது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. திறமைமிக்க மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறியதும் வயிற்றுப் பிழைப்புக்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, தூரிகையை மறந்துவிடுகிறார்கள். இதற்கு அவர் கண்ட வழி, கைத்தொழில். மெழுகு இட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலையை மாணவர்களும் ஆசிரியர்களும் துணியில் செய்தார்கள். சாதாரணப் பருத்தித் துணி, மெழுகு, சாயம். பெரிய முதலீடு இல்லை. மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். அந்த வருவாயைக் கொண்டு கலைஞர்கள் ஒன்றுகூடிச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலக் கலைக்கிராமம் உருவாயிற்று. பகலில் சில மணி நேரம் பாத்திக்கும் மற்றக் கைவேலைகளும். எஞ்சிய நேரம் தம் உள்ளம் விரும்பிய ஓவியம். அரசு மானியத்தையோ செல்வர்களின் தயவையோ நம்பி அது எழவில்லை. துணியில் விற்ற கைவேலைதான் அதற்கு அஸ்திவாரம். பணிக்கர் 1977இல் காலமானார், கிராமம் நிலைத்திருக்கிறது.

அங்கு வாழ்ந்தவர்களுள் கே. ராமானுஜம் என்றொருவர். மிக இளமையிலேயே, 1973இல் மறைந்துவிட்டார். கனவுலகம் போன்ற அவருடைய படங்களுள் புகழ்பெற்றவை பல, மையும் தாளும் மட்டுமே கொண்டு கோடுகோடாக எழுதப்பட்டவை. தமிழ் இதழ்களிலும் நூல் அட்டைகளிலும் கோட்டோவியங்கள் எழுதி நம்மிற் பலருக்கு அறிமுகமான கே. எம். ஆதிமூலம் காந்தியடிகளை வரைந்த தொடருக்கும் கறுப்பு மையே போதுமானதாயிருந்தது. வண்ணத்திற்கே செலவு செய்ய இயலாத பிள்ளைக்கு இவ்விருவரையும் காட்டுவோம்.

பரப்பு மாறினால் ஒரு வட்டாரத்தின் வாழ்வே மாறும் என்பதற்கு மதுபனியைச் சொல்ல வேண்டும். பீகார் மாநிலத்து மிதிலைப் பகுதியில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டு மண்சுவர்களில் திருமணக் காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் சித்திரம் எழுதி வந்தார்கள். 1966, 67ஆம் ஆண்டுகளில் அங்கே கடும் பஞ்சம். அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தில் பொறுப்பிலிருந்த புபுல் ஜெயகர் அம்மையார், பாஸ்கர் குல்கர்னி என்னும் ஓவியரை அங்கே அனுப்பினார். அவர் கொண்டுபோனது தாள். சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதுங்கள், விற்றுத் தருகிறோம் என்பதுதான் ஏற்பாடு. சுவரைப் பெயர்த்து விற்க முடியுமா? தாளை விற்கலாம், டெல்லிக்கு அனுப்பலாம், கடல் கடந்தும் அனுப்பலாம். அந்தப் பெண்களுள் ஜகதம்பா தேவி 1975லும், சீதா தேவி 1981லும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். தாளுக்குச் சாணநீர் பூசிச் சுவரின் நிறத்தை அதற்குக் கொடுத்துக்கொண்டவர்களும் அவர்களுள் உண்டு. புதிய பரப்பு வந்தபோதும் பழைய சுவரை மறக்கவில்லை என்பதை எண்ணும்போது நமக்கு நெகிழ்ச்சியாயிருக்கிறது.

நம் பெண்மக்கள் வைகறையில் வாசலில் இடுகிற கோலம் எட்டு மணிக்குள் காலடியில் கரைந்துவிடுகிறது. அதைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவரலாகாதா? சிக்குக் கோலத்தின் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் எழுதுகிற கைகள் நம் தெருக்களில் எத்தனை! கல்லூரிக்குப் போன பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு இவர்களை மறந்துவிடக் கூடாது.

இனி நடைமுறைக்கு வருவோம். எது மலிவு, எது மலிவுபோலத் தோன்றி ஏமாற்றுவது என்று பிரித்தறிய வேண்டும்.

தாளில் தொடங்குவதே நல்லது. ஆனால் கடையில் கிடைக்கிற சார்ட் தாளும் செய்தித்தாள் காகிதமும் பயிற்சிக்கு மட்டுமே ஏற்றவை. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் அது பழுப்பேறும், நாளடைவில் தாள் மொறுமொறுத்து ஒடியும். பழைய ஞானோபதேசப் புத்தகங்களின் ஏடுகள் தொட்டாலே உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுவே. விற்கிற படத்திற்குப் பருத்தியிலிருந்து செய்த, அமிலமில்லாத தாள்தான் வேண்டும். அதற்காக இங்கிலாந்துத் தாளுக்கும் பிரெஞ்சுத் தாளுக்கும் போக வேண்டியதில்லை. புதுவையிலேயே 1959ஆம் ஆண்டில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் கைக்காகிதத் தொழிற்கூடம் தொடங்கினார்கள். பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கிச் செய்கிற தாள் அது. வெளிநாட்டார் தேடிவந்து வாங்கும் பொருளை வீட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டு, நாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கைக்காகிதம் வாங்கும்போது ஒரு சிறு சோதனை செய்க. ஓரத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். துளி முத்துப்போல் நின்றால் தாளுக்குப் பசையூட்டியிருக்கிறார்கள் என்று பொருள், நீர்வண்ணத்திற்கு உதவும். உடனே உறிஞ்சிப் பரவினால் நீர்வண்ணம் ஊறிப்போகும். அத்தாளைக் கரிக்கோலுக்கும் வண்ணக்கட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம், அல்லது மெல்லிய ஜெலட்டின் கரைசல் ஒருமுறை பூசி உலர்த்தி நீர்வண்ணத்திற்கும் பயன்படுத்தலாம். முழுத்தாள் பொதுவாக 22 அங்குலத்திற்கு 30 அங்குலம் இருக்கும். இரண்டாக வெட்டினால் 15க்கு 22; நான்காக வெட்டினால் 11க்கு 15. இந்த அளவுகளிலேயே எழுதினால் ஓரங்குலமும் வீணாகாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நனைந்தாலும் அதிகம் நெளியாது. அதனின் இலேசான தாள் விலை குறைவு, ஆனால் நெளியும். அதை முதலில் நீரில் நனைத்துப் பலகைமேல் விரித்து, நாற்புறமும் பசைநாடா ஒட்டி உலரவிட்டு, பின் எழுதினால் தட்டையாகவே நிற்கும். சிறிது பொறுமை செலவை மிச்சமாக்குகிறது.

தாளுக்கு ஒரு குறை உண்டு. சுவரில் மாட்டக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியும் சட்டமும் தாளைப்போல் பல மடங்கு விலை. அந்தச் செலவை ஓவியன் ஏற்க வேண்டாம் என்பது நம் எண்ணம். சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து, பின்னால் கனத்த அட்டை கொடுத்து, தெளிந்த பிளாஸ்டிக் உறையிலிட்டு விற்கட்டும். வெளியூர்ப் பயணி பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவார். தமக்குப் பிடித்த சட்டத்தைத் தம் ஊரில் போட்டுக்கொள்வார். கண்ணாடி வழியில் உடையுமே என்ற அச்சம் இருவருக்கும் இல்லை.

அடுத்தது துணி. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிற கான்வாஸைவிட, காடாத் துணியை கெஜக்கணக்கில் வாங்கி வீட்டில் சட்டத்தில் அடிப்பது மிகவும் மலிவு. கஞ்சி போகத் துவைத்து உலர்த்த வேண்டும். சட்டத்தின் நடுப்பகுதியில் முதல் ஆணி அடித்து, எதிர்ப்புறம் இழுத்து இரண்டாவது, பின் மற்ற இரு பக்கங்கள். அதன் பிறகே மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையில் தொடங்குகிறவர்களுக்குத் துணி ஒருபுறம் கோணிக்கொள்ளும். அடித்த துணிக்கு இரண்டு மூன்று முறை அக்ரிலிக் வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் உலர்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் கடைச் சரக்குக்குச் சற்றும் குறையாது.

பூச்சில்லாத துணியில் எண்ணெய் வண்ணம் எழுதுவது பெருந்தவறு. ஆளி எண்ணெய் நூலிழையில் ஊறிக் காற்றோடு சேர்ந்து நாளாவட்டத்தில் துணியை இற்றுப்போகச் செய்யும். எழுதியவுடன் ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, வாங்கியவர் வீட்டுச் சுவரில்தான் அது தெரியவரும். சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பரைத் துணிக்குப் பூசுகிறவர்களும் உண்டு. உலர்ந்தபின் கையால் தேய்த்தால் மாவாக வருகிற எதுவும் வண்ணத்தைத் தாங்காது.

துணியில் எழுதுவது நமக்குப் புதிதன்று. சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கலம்காரித் துணிகள் பரம்பரையாக எழுதப்பட்டு வந்திருக்கின்றன. கடுக்காய்க் கரைசலிலும் பாலிலும் துணியைத் தோய்த்து உலர்த்திய பிறகே கலம்காரி எழுதுவோர் கோலெடுப்பார்கள். பரப்பைப் பக்குவப்படுத்துவதைத் தம் தொழிலில் பாதியாக அவர்கள் எண்ணினார்கள்.

மூன்றாவது பலகை. நம்மைக் கேட்டால், எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக் வண்ணமும் எழுதுகிறவர்களுக்கு மலிவிலும் உறுதியிலும் இதற்கு இணையில்லை என்போம். ஹார்டுபோர்டு என்னும் அழுத்தப்பலகை 8 அடிக்கு 4 அடி அளவில் மரக்கடையில் கிடைக்கும். அங்கேயே 16 அங்குலத்திற்கு 12 அங்குலமாக வெட்டித் தரச் சொன்னால் 24 துண்டுகள் தேறும். 24க்கு 16 ஆனால் 12 துண்டுகள். ஒரு பலகையின் விலையை 24ஆல் வகுத்துப் பாருங்கள். ஆயத்தக் கான்வாஸின் விலை என்னவென்பது அப்போது விளங்கும். வழவழப்பான முகத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துப் பூச்சுப் பூச வேண்டும். பின்முகத்தையும் நான்கு ஓரங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒருபுறம் மட்டும் பூசிய பலகை மழைக்காலத்தில் அப்பளம்போல் வளையும். ஓரம் நீர் குடித்து உப்பும். இரண்டடிக்கு மேற்பட்ட துண்டானால் பின்னால் மரச்சட்டம் கொடுப்பது நல்லது.

பலகைக்கு வீட்டிலேயே பூச்சுத் தயாரிக்கலாம். தஞ்சாவூர் ஓவியர்கள் செய்வது அதுதான். பலாப்பலகையின்மேல் துணியொட்டி, சுண்ணப்பொடியைப் பசையோடு குழைத்துப் பலமுறை பூசி, வழவழக்கத் தேய்ப்பார்கள். புளியங்கொட்டைப் பசையும் வேலம்பிசினும் பழைய முறை. இக்காலத்தில் பலாவுக்குப் பதிலாக ஒட்டுப்பலகையும், மரம் ஒட்டும் வெள்ளைப் பசையும் வந்துவிட்டன. இந்த முறையை நாம் முதன்முதல் படித்தபோது வியப்பாயிருந்தது. ஏனெனில் கீழைத் திருச்சபையின் திருவுருவப் பலகைகளும் ஏறக்குறைய இதே முறையில்தான் செய்யப்படுகின்றன: பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் பசையோடு குழைத்த சுண்ணம். 1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் சென்னினோ சென்னினி என்னும் ஓவியர் எழுதிய கைந்நூலும் இதையே கற்பிக்கிறது. கான்ஸ்டாண்டிநோபிளும் பிளாரன்சும் தஞ்சாவூரும் வெவ்வேறு காலத்தில் ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. பசை குறைந்தால் பூச்சு பொடியாக உதிரும், மிகுந்தால் வெடிக்கும். இந்தச் சுண்ணப் பூச்சு விறைப்பானது. ஆகவே வளையாத பலகைக்கே பொருந்தும். சுருட்டுகிற துணிக்குப் பூசினால் கீறல் விழும்.

கண்ணாடியில் பின்புறமாக எழுதும் தஞ்சாவூர் முறையும் மலிவுதான். உடையும் என்பதால் வெளியூருக்கு அனுப்ப ஏற்றதன்று. நம் அண்டையிலேயே வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலையும் இருக்கின்றன. இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்கள். சுட்ட மண்தட்டும் காகிதக்கூழில் வார்த்த பலகையும் ஓவியத்திற்குப் பரப்பாகலாம். குயவர் வீட்டுப் பிள்ளையும் ஓவியம் படித்த பிள்ளையும் உட்கார்ந்து பேசினால் இரு வீட்டிற்கும் வருவாய் கிடைக்கக்கூடும்.

விலை குறைந்த பரப்பைத் தேடுவது வேறு, வாங்குகிறவரை ஏமாற்றுவது வேறு. அட்டையில் அச்சிட்டு மேலே இரண்டு கோடு தூரிகையால் இழுத்துக் கையெழுத்துப் படமென்று விற்பவர்களைப்பற்றி ஏழாம் கட்டளை என்ன சொல்கிறது என்று நாம் விளக்க வேண்டியதில்லை. அதனினும் நுட்பமான தவறொன்று உண்டு. பழுப்பேறிப் போகும் தாள் என்று தெரிந்தே அதில் எழுதி, நூறாண்டு நிற்கும் படத்தின் விலையைக் கேட்பது. வாங்குகிறவர் தாளைப் பற்றி அறியமாட்டார். அவர் பார்ப்பது படத்தை. வில்லியனூர் லூர்து அன்னையின் திருவிழாவிற்கு வருகிற ஏழைத்தாய் முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு படம் வாங்கிப்போனால், தம் பேரப்பிள்ளைக்கும் அது இருக்கும் என்றே நினைத்து வாங்குகிறார். ஆயிரம் ரூபாய்ப் படத்தை வாங்குகிற பிரெஞ்சுக்காரரைவிட இவருக்குத்தான் நல்ல தாள் சேர வேண்டும். ஆகவே சிறிய அளவு, குறைந்த வண்ணம், ஆனால் நல்ல பரப்பு என்பதே நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது. சிக்கனத்தை அளவில் காட்டுங்கள், தரத்தில் காட்டாதீர்கள்.

இவ்விடத்தில் கோவாவில் 1902இல் பிறந்த ஆஞ்செலோ தா பொன்சேகாவை நினைத்துக்கொள்கிறோம். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசிடம் பயின்று, பூனாவில் ஓர் ஆசிரமத்தில் தங்கி, சேலையணிந்த கன்னி மரியாளையும் இந்திய முகங்களோடு கூடிய திருக்குடும்பத்தையும் எழுதியவர். அவருடைய படங்களுள் மிகப்பல தாளில் எழுதிய சிறிய நீர்வண்ணங்களே. 1967இல் அவர் காலமானார். அந்தச் சிறு தாள்கள் கோவாவில் பாதுகாக்கப்பட்டு இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எழுதும் படங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதச் சொல்லுங்கள்: எந்தப் பரப்பு, என்ன செலவு, எத்தனை நாள், என்ன விலை, எங்கே விற்றது. ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை நீங்களும் அவனும் சேர்ந்து பாருங்கள். திண்ணையில் நடக்கிற சண்டையைவிட அந்த நோட்டு உண்மையைத் தெளிவாகச் சொல்லும். பெரிய கான்வாஸில் எழுத அவனுக்கு ஆசையிருந்தால், சிறு படங்களில் வந்த வருவாயில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கட்டும். முன்பணம் கொடுத்துக் கேட்கிறவர் வந்தால் தயங்காமல் எழுதட்டும். கடன் வாங்கி எழுத வேண்டாம் என்பது மட்டும் நம் பிடிவாதம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு காரியம் செய்துவிட வேண்டும். விற்காத படங்களைச் சுவரோரம் சாய்த்து வைப்பதும் சிமெண்டுத் தரையில் அடுக்குவதும் ஆகாது. சுவரின் ஈரத்தில் தாள் பூசணம் பிடிக்கும், பலகையைக் கரையான் தேடி வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து விலக்கி, படத்திற்கும் படத்திற்கும் இடையே தூய வெள்ளைத்தாள் வைத்து நிறுத்துங்கள். வேப்பிலையை நேரே தாளுக்குள் வைக்காதீர்கள், கறை படியும். துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம். வெயில் அடிக்கிற நாள்களில் சன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இன்ன தாள், இன்ன வண்ணம், இன்ன ஆண்டு என்று பென்சிலால் குறித்துவைத்தால், வாங்க வருகிறவர் கேட்கும்போது தடுமாறாமல் சொல்லலாம்.